காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் நான்கு ஆசிரியர்கள். நுவரெலியாவிலிருந்து ஒரே காரில் பாடசாலைக்குப் போகிறோம். பெற்றோல் காசை நாலாகப் பிரித்துக்கொள்வோம். கார் எங்களில் ஒருவருடையது, 90களின் நடுவில் வந்த ஜப்பான் கார். ஜனவரி பிறந்ததும் அதற்கு ஒரு வருத்தம் வந்தது. சுபஹ் தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. பத்துத் தடவை அடித்த பிறகுதான் இருமிக்கொண்டு எழும்பும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தி எடுத்தால் தொட்டதும் ஸ்டார்ட்.

ஒரு மாதத்தில் ஏழு நாள் பிந்திப் போனோம். கைவிரல் இயந்திரத்தில் சிவப்பு விழுந்தது மட்டும் நட்டமில்லை. தரம் 5 பிள்ளைகளின் முதல் பாடவேளை ஏழு தடவை போய்விட்டது. அதை யார் திருப்பிக் கொடுப்பது?

நாங்கள் செய்தது என்ன? யாரோ பெட்டரி என்றார், புதுசு போட்டோம். இன்னொருவர் பிளக் என்றார், நாலையும் மாற்றினோம். இன்ஜெக்டர் கழுவினோம். எழுபதாயிரத்துக்கு மேல் போனது. காலையில் அதே இருமல். கடைசியில் கராஜ்காரர் ஏமாற்றுகிறார் என்று பேசத் தொடங்கினோம்.

பிறகு வேறொரு வயதான பாஸிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சேர், காலையில வாற வருத்தத்தை நீங்க பின்னேரம் கொண்டு வந்து காட்டினா நான் எப்படிப் பார்க்கிறது?"

எங்களுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு முறையும் பாடசாலை விட்டு, ஓடிச் சூடான காரைத்தான் கராஜில் விட்டிருக்கிறோம். அவர் காரை இரவு அங்கேயே நிறுத்தச் சொன்னார். விடிய, சாவியைத் தொடுவதற்கு முன்னரே, ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சரை மீட்டரில் பார்த்தார். அந்தக் குளிருக்கு மூவாயிரம் ஓமுக்கு மேல் காட்ட வேண்டியது நானூறு காட்டியது. அதாவது, எஞ்சின் குளிர்ந்து கிடக்க, "சூடாக இருக்கிறேன்" என்று அது பொய் சொல்லியிருக்கிறது. குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாது, அதனால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பொய்யை நம்பிய கம்ப்யூட்டர் பெட்டி குறைத்துக் கொடுத்திருக்கிறது. சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. வந்த வரியையும் விலையையும் பார்த்தால் எங்களைப் போன்றவர்கள் பழைய காரோடுதான் காலம் தள்ள வேண்டும். ஆகவே பாகம் மாற்ற முன்னர் பழுதைத் தேடப் பழகுவோம்.

1. ஸ்டார்ட்டர் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் பெட்டரி, டேர்மினல், ஏர்த் வயரைப் பாருங்கள். நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பெற்றோல், பிளக், சென்சர் பக்கம் பாருங்கள்.
2. இன்ஜெக்டர் காரில் சாவியை ஓன் நிலையில் இரண்டு மூன்று விநாடி வைத்து மூடுங்கள். இரண்டு தடவை அப்படிச் செய்த பிறகு ஸ்டார்ட் ஆனால், இரவில் பெற்றோல் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.
3. காபரேட்டர் கார் என்றால் முதலில் சோக் மூடுகிறதா என்று பாருங்கள். டீசல் என்றால் ஹீட்டர் பிளக்.
4. ஒரேயடியாக அடிக்க வேண்டாம். பத்து விநாடிக்கு மேல் போகாமல், இடைவெளி விட்டு அடியுங்கள்.
5. காபரேட்டரில் பெற்றோல் ஊற்றி அடிப்பது வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். மூடிய கராஜுக்குள் எஞ்சினைச் சூடாக்கவும் வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை முதல் இரண்டு பாடவேளையும் வாயே திறக்காது. "மெதுவாகக் கற்பவர்" என்று எழுதிவிட்டோம். இடைவேளைக்குப் பிறகு அதே பிள்ளை கணக்குச் சரியாகச் செய்வதைப் பார்த்தும் யோசிக்கவில்லை. பாஸ் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் காலையில் வாசலில் நின்று கேட்டோம். விடியற்காலைக் குளிரில் தோட்டத்திலிருந்து நடந்து வருகிறது, வெறும் வயிற்றோடு.

காருக்கு வீணாக்கிய காசை உழைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் நாங்கள் எழுதியதை அழிக்க இரண்டு தவணை பிடித்தது. பழுது எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் போய்ப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

உங்கள் காரின் காலை வருத்தங்களையும் கீழே எழுதுங்கள். யாருக்காவது உதவும்.