ஓர் ஒலிக்கு ஓர் உரிமை

நுழையும்முன்

புதியதொன்றைக் கண்டுபிடித்தவருக்குக் குறிப்பிட்ட காலம்வரை அரசு வழங்கும் தனியுரிமையே காப்புரிமை. அக்காலம் முடிந்ததும் அக்கண்டுபிடிப்பு அனைவருக்கும் பொதுவாகிறது. ஒரே கண்டுபிடிப்புக்கு இருமுறை உரிமை வழங்கப்படுமாயின் மக்கள் இழப்பது என்ன? ஒலித் தொழில்நுட்பத்தை முன்வைத்து அவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கடலுக்குள் ஓர் எதிரொலி

தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கு எல்லையை ஒட்டி, மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையே அமைந்த கடலோர ஊர் பெரியதாழை. நீரின் நிறமாற்றத்தையும் கடற்பறவைகள் வட்டமிடுவதையும் கண்டு மீன்கூட்டம் இருக்குமிடத்தை உணரும் பட்டறிவு, இத்தகைய ஊர்களின் முன்னோர் சேர்த்துவைத்த செல்வம். இன்று அப்பட்டறிவுக்குத் துணையாக ஒரு கருவியும் வந்துள்ளது. மீனவர் ‘எக்கோ சவுண்டர்’ என வழங்கும் அக்கருவி, படகின் அடியிலிருந்து ஒலித்துடிப்பு ஒன்றைக் கடலுக்குள் செலுத்துகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். அனுப்பிய ஒலி 0.04 நொடியில் திரும்பினால், அது மோதிய பொருள் 30 மீட்டர் ஆழத்தில் உள்ளது எனக் கணக்கிடலாம். வணிக முறையில் விற்பனைக்கு வந்த முதல் மீன்காட்டும் கருவியை 1948ஆம் ஆண்டில் ஜப்பானின் புருனோ உடன்பிறப்புகள் உருவாக்கினர்.

திரும்பிவரும் எதிரொலி தனியே வருவதில்லை. எஞ்சினின் இரைச்சலும் அலையின் ஓசையும் கடலடிப் பாறையின் எதிரொலியும் அதனோடு கலந்தே வருகின்றன. வேண்டாத ஓசையை விலக்கி, வேண்டியதைப் பிரித்தெடுக்கும் கணக்கீட்டு முறைக்கு ஒலிச்சைகைச் செயலாக்கம் என்று பெயர். கைப்பேசியில் குரல் தெளிவாகக் கேட்பதற்கும், செவித்துணைக் கருவி பேச்சை மட்டும் உயர்த்திக் காட்டுவதற்கும், இசைக்கோப்பு சிறிய அளவில் சுருங்குவதற்கும் இதுவே அடிப்படை. கண்ணுக்குப் புலப்படாத இம்முறைகளே இன்று பெரும் மதிப்புடைய காப்புரிமைகளாக விளங்குகின்றன.

உரிமையும் எல்லையும்

காப்புரிமை ஓர் உடன்பாடு. கண்டுபிடிப்பாளர் தம் கண்டுபிடிப்பை மறைக்காமல் முழுமையாக எழுதி வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள், பிறர் அதனைத் தம் இசைவின்றிப் பயன்படுத்தாதவாறு தடுக்கும் உரிமையை அவர் பெறுகிறார். பின்னர் அது பொதுச்சொத்தாகிறது. விடுதலை பெற்ற இந்தியாவுக்கு ஏற்ற காப்புரிமைச் சட்டம் எவ்வாறு அமைய வேண்டும் என ஆராய்ந்து, நீதியரசர் இராசகோபால ஐயங்கார் 1959ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அவ்வறிக்கையை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது. தகுதியற்றவற்றுக்கு உரிமை வழங்கினால் நாட்டின் தொழில் முடங்கும் என்னும் எச்சரிக்கை அச்சட்டம் முழுவதும் இழையோடுகிறது.

இக்கடற்கரைக்கு இக்கருத்து அயலானதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், நினைத்தபோதெல்லாம் எவரும் மூழ்கிச் சிப்பி எடுத்துவிட முடியாது. முதலில் முத்துப்பார்களை ஆய்ந்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்து முதிர்ந்துள்ளதா என மதிப்பிடுவர். தகுதி உறுதியான பின்னரே குளிப்புக்காலம் அறிவிக்கப்படும். அக்காலம் முடிந்தால் குளிப்பும் முடியும். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு நின்றுபோயினும், ‘முதலில் ஆய்வு, பிறகு உரிமை, அதற்கும் ஒரு கால எல்லை’ என்னும் அதன் ஒழுங்கு காப்புரிமைக்கும் பொருந்துவதே.

ஒன்று இரண்டாகும் விதம்

பெரியதாழையைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர், எஞ்சின் இரைச்சலை எதிரொலியிலிருந்து நீக்கும் புதிய முறையொன்றைக் கண்டறிகிறார் எனக் கொள்க. ‘இரைச்சலை நீக்கும் முறை’ என அவர் காப்புரிமை கோருகிறார். அவ்விண்ணப்பம் வெளியாவதற்குமுன், அதே முறையை ‘இரைச்சலை நீக்கும் அமைப்புடைய கருவி’ எனச் சொல்மாற்றி ஓராண்டு கழித்து மற்றொரு விண்ணப்பம் அளிக்கிறார். இரண்டும் ஏற்கப்பட்டால் ஒரே கண்டுபிடிப்புக்கு இரு காப்புரிமைகள் கிடைத்துவிடும். இதுவே இரட்டைக் காப்புரிமை.

இதனால் விளையும் தீங்குகள் மூன்று. முதற்காப்புரிமை முடிந்த பின்னும் இரண்டாவது ஓராண்டு நீடிக்கும். குறைந்த விலையில் அக்கருவியைச் செய்ய விரும்பும் பட்டறையினர் அதுவரை காத்திருக்க வேண்டும். இரு காப்புரிமைகளும் வெவ்வேறு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டால், ஒரு கருவிக்காக இருவருக்கு உரிமத்தொகை செலுத்த நேரும். நீதிமன்றத்தில் ஒன்று செல்லாதென முடிவானாலும், மற்றொன்றைக் காட்டி வழக்கைத் தொடரலாம். இச்சுமை இறுதியில் கருவியின் விலையில் ஏறி, கடன் வாங்கிக் கடலுக்குச் செல்லும் மீனவரின் தோளில் விழும்.

ஒலித்துறையில் இடர் மிகுவதேன்?

ஒலிச்சைகைச் செயலாக்கத்தின் உயிர் கணிதம். ஆனால், கணித முறைக்கும் படிமுறைக்கும் கணினி நிரலுக்கும் அவற்றின் தனிநிலையில் காப்புரிமை இல்லை என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு. கணினிவழிக் கண்டுபிடிப்பாயினும் அது தொழில்நுட்பப் பயனை விளைவிக்கின்றதா எனப் பார்க்க வேண்டும் என்பதை 2019ஆம் ஆண்டில் பெரீத் அல்லானி வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் வலியுறுத்தியது. எனவே, ஒரே ஒலிமுறையைக் குறியாக்கும் முறை, குறிநீக்கும் முறை, கருவி, அமைப்பு எனப் பல வடிவங்களில் எழுதுவது இத்துறையில் இயல்பாயிற்று. வடிவங்கள் பெருகப் பெருக, பழையது புதிய ஆடையில் நுழைவதற்கான வாயில்களும் பெருகுகின்றன.

எனினும், ஒத்த நோக்கமுடையவை எல்லாம் ஒரே கண்டுபிடிப்பு ஆகா. 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் அவையின் அறிவுரைஞராக இந்தியாவில் பணியாற்றிய ரே டால்பி, பின்னர் இலண்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒலிநாடாவின் இரைச்சலைக் குறைக்க அவர் முதலில் உருவாக்கிய ‘ஏ’ வகை, ஒலியை நான்கு அலைவெண் பட்டைகளாகப் பிரித்துச் செயல்பட்டது; அது ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு உரியது. 1968ஆம் ஆண்டில் வந்த ‘பி’ வகையோ, நகரும் ஒற்றைப் பட்டையைக் கொண்டு எளிமையாக வீட்டுக் கருவிகளில் இயங்கியது. இரண்டின் நோக்கமும் ஒன்றே, வழிகள் வேறு. சொற்கள் வேறாகிப் பொருள் ஒன்றாக இருப்பதற்கும், நோக்கம் ஒன்றாகி வழி வேறாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதே ஆய்வு அலுவலரின் திறம்.

எம்பி3 இசை வடிவமும் இங்கு எண்ணத்தக்கது. அதற்கான பன்னாட்டுத் தரம் 1993ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் உரிமத் திட்டமோ 2017 ஏப்ரல் 23 அன்றுதான் முடிவுக்கு வந்தது. வெவ்வேறு நாள்களில் பெறப்பட்ட பல காப்புரிமைகள் ஒரே வடிவத்தைச் சூழ்ந்திருந்தமையே அந்நெடுங்காலத்துக்குக் காரணம். அவை யாவும் இரட்டைக் காப்புரிமைகள் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும், ஒவ்வொன்றும் தனித்தகுதி உடையதா என ஆராய்வது எத்துணை இன்றியமையாதது என்பதை அது காட்டுகிறது.

சட்டம் வகுத்த வழி

இரட்டைக் காப்புரிமை என்னும் சொல் இந்தியச் சட்டத்தில் இல்லை. அதனைத் தடுக்கும் கருத்து உண்டு. ஒரு காப்புரிமை ஒரு கண்டுபிடிப்புக்கு மட்டுமே வழங்கப்படும் என்கிறது 46ஆம் பிரிவு. முன்னரே வெளியானதா, முந்தைய விண்ணப்பம் ஒன்றில் கோரப்பட்டதா என்று ஆய்வு அலுவலர் தேடிப்பார்க்க வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. ஒரே விண்ணப்பத்தில் பல கண்டுபிடிப்புகள் இருந்தால், அவற்றைப் பிரித்துத் தனி விண்ணப்பமாக அளிக்க 16ஆம் பிரிவு இடந்தருகிறது. ஒன்றில் கோரப்பட்டது மற்றொன்றில் கோரப்படாதவாறு திருத்தச் சொல்லும் அதிகாரத்தையும் அப்பிரிவே கட்டுப்பாட்டாளருக்கு வழங்குகிறது.

பிற நாடுகளும் இதே நெறியை வெவ்வேறு வழிகளில் காக்கின்றன. ஒருவரின் பிந்தைய காப்புரிமை முந்தையதிலிருந்து தெளிவாக வேறுபடாவிடில், இரண்டும் ஒரே நாளில் முடிவதற்கு உடன்படுமாறும், இரண்டையும் ஒருவரே வைத்திருக்குமாறும் அமெரிக்கா கேட்கிறது. ஒரே விண்ணப்பதாரர் ஒரே பொருளுக்கு இரண்டாம் முறை கோரினால் மறுக்கலாம் என ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவுபடுத்தப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் 2021 ஜூன் 22 அன்று தீர்ப்பளித்தது.

மறுப்பும் விடையும்

‘கடுமையான ஆய்வு கண்டுபிடிப்பாளரின் ஊக்கத்தைக் கெடுக்கும், ஒரு முறையை மேம்படுத்துவோருக்கும் பயன் கிட்ட வேண்டாவா?’ என்பார் உளர். அவ்வினா நேர்மையானது. மேம்பாடு அறிவுத்திறன் மிக்கதாயின் அது தனிக் காப்புரிமை பெறத் தடையில்லை. சிறு மேம்பாடாயின், 54ஆம் பிரிவின்கீழ்க் கூடுதல் காப்புரிமை பெறலாம். அது மூலக் காப்புரிமையோடு தொடங்கிய அதே காலக் கணக்கில் முடியும். அதற்குத் தனிப் புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. உழைப்புக்கு மதிப்பளித்து, காலநீட்சிக்கு இடங்கொடாத நடுவுநிலை இது.

முன்னர்க் கண்ட இளம் பொறியாளரின் முதல் விண்ணப்பத்திலேயே, பாறையின் எதிரொலியை மீன்கூட்டத்தின் எதிரொலியிலிருந்து வேறுபடுத்தும் மற்றொரு முறையும் விளக்கப்பட்டிருந்தால், அதனைப் பிரித்துத் தனியே கோருவது அவரது உரிமை. பிரிப்பு விண்ணப்பத்தின் காலமும் மூல விண்ணப்ப நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால் பொதுமக்களுக்கு இழப்பில்லை. இரட்டைக் காப்புரிமையைத் தடுப்பதாக எண்ணி, பிரிப்பு விண்ணப்பங்கள் அனைத்தையும் ஐயுறுவது அநீதியே.

அவ்வாறாயின் அளவுகோல் யாது? ஒன்றைச் செய்யாமல் மற்றொன்றைச் செய்ய இயலுமா எனக் கேட்பதே தொடக்கத்துக்கு எளிய சோதனை. இரைச்சலை நீக்கும் கருவியை இயக்குவோர் இரைச்சலை நீக்கும் முறையையே கையாள்கின்றனர். எனவே அவை ஒன்றே. பாறையை மட்டும் பிரித்தறிவோர் இரைச்சல் நீக்கத்தைத் தொடவேண்டியதில்லை. எனவே அவை இரண்டு. தலைப்பையும் சொல்லடுக்கையும் விலக்கி, கோரலின் உட்பொருளை இவ்வாறு உறுப்புறுப்பாக ஒப்பிட வேண்டும்.

ஆய்வே அரண்

ஆய்வில் நேரும் பிழையை நீதிமன்றம் திருத்தாதா எனக் கேட்கலாம். திருத்தும்; ஆனால் காலமும் பொருளும் பெரிதும் செலவாகும். கைப்பேசித் தொழில்நுட்பம் பற்றி எரிக்சன் நிறுவனம் இந்தியாவின் லாவா நிறுவனத்தின்மீது 2015இல் தொடுத்த வழக்கு, எட்டுக் காப்புரிமைகளைப் பற்றியது. அவற்றுள் பேச்சொலியைக் குறியாக்கும் முறைகளும் இருந்தன. 2024 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் ஏழினை ஏற்று, ஒன்றைச் செல்லாதென அறிவித்தது. லாவா ஏறத்தாழ 244 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் எனவும் ஆணையிட்டது. உழைத்துக் கண்டுபிடித்தவரின் உரிமை எத்துணை வலிமையுடையது என்பதையும், அலுவலக ஆய்வைக் கடந்துவந்த காப்புரிமை ஒன்றின் தகுதியின்மை வெளிப்பட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதையும் அத்தீர்ப்பு ஒருங்கே உணர்த்துகிறது. பெருநிறுவனங்கள் ஒன்பது ஆண்டுகள் வழக்காடலாம். கடற்கரை ஊரின் சிறு பட்டறைக்கு அது இயலுமா?

ஆகவே, அரணை வாயிலிலேயே அமைக்க வேண்டும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த விண்ணப்பங்களை இயன்றவரை ஓர் ஆய்வு அலுவலரே ஒருங்கே ஆய்தல் நன்று. இரண்டாம் விண்ணப்பம் முதலாவதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதை விண்ணப்பதாரரே கோரல்தோறும் எழுதித் தருமாறு கேட்கலாம். ஏற்பினும் மறுப்பினும் காரணத்தைத் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். ஒலியியலும் கணிதமும் கற்றோர் ஆய்வுப்பணிக்குப் போதிய அளவில் அமர்த்தப்பட வேண்டும்.

மக்களுக்கும் இதில் பங்குண்டு. பொதுவாக 18 மாதங்கள் கடந்ததும் விண்ணப்பங்கள் வெளியிடப்படுகின்றன. காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடுதளத்தில் எவரும் கட்டணமின்றி அவற்றைப் படிக்கலாம். உரிமை வழங்கப்படும் முன் எவர் வேண்டுமாயினும் எதிர்ப்பு மனு அளிக்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு வழிசெய்கிறது. சென்னைக் கிண்டியில் காப்புரிமை அலுவலகக் கிளை இயங்கும் தமிழ்நாட்டில், பொறியியல் கல்லூரி மாணவர்கள் தம் துறை விண்ணப்பங்களைப் படித்து ஒப்பிடுவதைப் பாடப் பயிற்சியாகவே மேற்கொள்ளலாம். அப்பயிற்சி நாளைய கண்டுபிடிப்பாளர்களையும் ஆய்வு அலுவலர்களையும் ஒருசேர உருவாக்கும்.

சிப்பியைத் திறந்து பார்த்த பிறகே குளிப்புக்கு நாள் குறித்த கடற்கரை இது. கோரலைத் திறந்து பார்க்காமல் உரிமைக்கு நாள் குறிப்பது அறமாகாது. கண்டவர்க்கு அவர் காலம் முழுமையாகக் கிடைக்க வேண்டும். காலம் முடிந்த அன்றே, பெரியதாழையின் படகுகளுக்கும் அந்த ஒலி பொதுவாக வேண்டும்.