மறைத்த நோயும் மாண்ட வீரனும்

சரீரத்தில் காயம் பட்டவனிடம் அநுதாபம் காட்டும் உலகம், சித்தத்தில் காயம் பட்டவனைக் கண்டால் கூசி விலகுகிறது. அவன் வீரனென்று பெயர் பெற்றவனாயின் கேட்க வேண்டுவதில்லை. தன் நோயை அவனும் மறைக்கிறான். அவனைப் போற்றுவோரும் மறைக்கிறார்கள். இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதை ஆண்டி ஐரன்ஸ் என்பவரின் சரித்திரம் நன்கு விளக்குகிறது.

பலகையின்மீது நின்று கடலலையில் சறுக்கிச் செல்வது ஹவாய்த் தீவு மக்களின் புராதன வித்தை. அத்தீவுகளில் ஒன்றாகிய கவாயில் வளர்ந்த ஐரன்ஸ், 2002, 2003, 2004 ஆகிய மூன்று வருஷங்களிலும் தொடர்ந்து இவ்வித்தையில் உலக சாம்பியன் பட்டம் பெற்றார். மலைபோல் எழும் அலைக்கும் அஞ்சாதவர் என்று உலகம் அவரைக் கொண்டாடிற்று. ஆனால், மிதமிஞ்சிய உற்சாகமும் மிதமிஞ்சிய சோர்வும் மாறி மாறி வருத்தும் 'பைபோலார்' என்னும் மனோவியாதி அவருக்கு இருந்ததை உலகம் அறியாது. பதினெட்டாம் வயதிலேயே வைத்தியர் அதைக் கண்டறிந்திருந்தார். தம் வேதனைக்குத் தாமே மருந்து தேடுவார்போல் அவர் லாகிரி வஸ்துக்களையும் நாடினார்.

2010-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி, அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து ஹோட்டல் அறையொன்றில், 32-வது வயதில் அவர் மாண்டு கிடந்தார். கர்ப்பிணியாயிருந்த அவர் மனைவி லிண்டிக்கு மறு மாதம் ஆண்குழந்தை பிறந்தது. டெங்கு ஜுரத்தால் இறந்தார் என்றே முதலில் செய்தி பரவிற்று. 2011-ல் வெளியான வைத்திய அறிக்கையோ, இருதய ரத்தக்குழாய் அடைப்பை முதற் காரணமாகவும், பல மருந்துகள் உடலில் ஒன்றாய்க் கலந்ததை இரண்டாவது காரணமாகவும் கூறிற்று.

ஸ்டீவ் ஜோன்ஸ், டாட் ஜோன்ஸ் என்னும் சகோதரர்கள் இவ்வரலாற்றை 'ஆண்டி ஐரன்ஸ்: கிஸ்ட் பை காட்' என்ற டாகுமெண்டரிப் படமாக 2018-ல் வெளியிட்டனர். அதில் மனைவி லிண்டி பேசுகிறார். சகோதரர் ப்ரூஸ் பேசுகிறார். போட்டியில் எதிர் நின்ற கெல்லி ஸ்லேட்டரும் பேசுகிறார். வீரனின் வெற்றியோடு அவன் பட்ட வேதனையும் அதில் ஒளிவு மறைவின்றிச் சொல்லப்படுகிறது.

'இறந்தவனின் குறையை அம்பலத்தில் ஏற்றலாமா? குடும்ப மானம் என்னாவது?' என்று கேட்போர் நம்மிலும் உண்டு. பிறர் வம்புக்காகத் தோண்டியெடுப்பதை நாமும் கண்டிக்கிறோம். துக்கப்பட்டவர்கள் தாமே மனமொப்பி, மற்றொரு குடும்பம் பிழைக்கட்டும் என்று பேசுவது வேறு, அது தர்மமாகும். முற்காலத்தில் க்ஷயரோகத்தை மறைத்த குடும்பங்கள் எத்தனை! ரோகம் பரவிற்றேயன்றி மானம் தங்கிற்றா?

நமது நாட்டுக்கு வருவோம். 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனோவியாதிக்கு அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. 2022 முதல் 14416 என்னும் டெலிபோன் எண்ணில் இலவசமாக ஆலோசனையும் கிடைக்கிறது. சட்டம் வந்தும் வெட்கம் போகவில்லை. அந்த வெட்கத்தைப் போக்கச் சர்க்காரால் ஆகாது, ஜனங்களால்தான் ஆகும்.

தேசத் தொண்டர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்லுகிறோம். களைப்பறியாதவன், கலங்காதவன் என்று நாம் ஒருவனைப் புகழும்போதே, கலங்கினேன் என்று சொல்லும் வாயை அடைத்துவிடுகிறோம். உறவினரையோ உடனுழைத்த தோழரையோ பறிகொடுத்தவன் நாட்கணக்காக உறங்காதிருந்தாலும், காரியங்களில் பற்றற்றிருந்தாலும், போதையை நாடினாலும், அவனைக் கோழையென்று இகழ வேண்டாம். தைரியமாயிரு என்று சொல்லிவிட்டுப் போகவும் வேண்டாம். அருகில் அமர்ந்து கேளுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இறந்தபின் மாலை சூட்டி ஊர்வலம் நடத்துவதைவிட இதுவே மேலான தேச சேவை என்பது நமது துணிபு.