பறிப்பை நிறுத்தச் சொல்வது யார்?

2021 ஜூன் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் ஒரெகன், வாஷிங்டன் மாநிலங்களையும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவையும், சூடான காற்றை ஒரே இடத்தில் தேக்கி வைக்கும் வெப்பக் குவிமாடம் மூடியது. ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் 46.7 டிகிரி. மறுநாள் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி, கனடா அதுவரை கண்டிராத வெயில். மிதமான கோடைக்குப் பழகிய வட்டாரம் அது. பெர்ரிப் பழங்கள் அங்கே பெரும்பாலும் குடும்பத் தோட்டங்களில்தான் விளைகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபிரேசர் பள்ளத்தாக்கில் அப்பட்ஸ்ஃபோர்டு பக்கம் போனால், பஞ்சாபிலிருந்து குடியேறிய குடும்பங்களின் தோட்டங்களே பல.

அந்த வாரம் ஸ்ட்ராபெரி ஓயும் நேரம், ராஸ்பெரி பழுக்கத் தொடங்கிய நேரம், பிளாக்பெரியும் புளூபெரியும் பெரும்பாலும் காய். ஒரே வெயில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கெடுத்தது. கோடைப் பறிப்பைத் திட்டமிடும் எவருக்கும் அந்த வாரம் நல்ல பாடநூல். கொடைக்கானலில் ஸ்ட்ராபெரி வைத்திருக்கும் நம் வாசகர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள உண்டு.

முதலில் பழத்தைப் பார்ப்போம். ராஸ்பெரி என்பது சின்னச் சின்ன முத்துகள் ஒட்டிய கூட்டுப்பழம். பிற்பகல் வெயில் நேராக விழும் பக்கத்து முத்துகள் மட்டும் நிறமிழந்து வெளுத்துவிடும். காற்று வறண்டிருந்தால் புற ஊதாக் கதிர் சிதறாமல் நேரே இறங்குவதால் வெளுப்பு இன்னும் அதிகம். சுவை பெரிதாக மாறாது, ஜாமுக்குத் தாராளமாகப் போகும்; ஆனால் டப்பாவில் அடைத்து விற்கும் பழக்கடைக்காரர் தொடமாட்டார். பிளாக்பெரி வேறு விதமாக ஏமாற்றும். பறிக்கும்போது கன்னங்கரேலென்று இருக்கும். குளிர் அறையில் ஓர் இரவு வைத்துவிட்டுத் திறந்தால் அங்கங்கே சிவந்திருக்கும். சூடாக இருக்கும்போது பறித்துக் கையில் அழுத்திய பழத்தில்தான் இது அதிகம். விடியற்காலைக் குளுமையில் பறித்தால் கணிசமாகக் குறைகிறது.

வெயிலில் நிற்கும் பழம் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். ஆகவே பொழுது புலரும்போதே இறங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 2021இல் அதுவும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. இரவும் வெக்கை தணியாததால், காலை ஐந்து மணிக்கே பழம் வெதுவெதுப்பாக இருந்தது. பகல் உச்சத்தை மட்டும் பார்த்துப் பறிப்பைத் திட்டமிடுவது போதாது. இரவு வெப்பம் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இறங்காத இரவுக்குப் பின், பறிக்கத் தோதான பொழுது ஐந்து மணி நேரத்திலிருந்து நாலாகவோ மூன்றாகவோ சுருங்கிவிடும்.

மேலிருந்து தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பது புளூபெரிக்குப் பலன் தரும். அதன் தோலில் மெழுகுப் பூச்சு உண்டு. விட்டு விட்டுத் தெளித்தால் ஆவியாகும் நீர் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். பழுத்த ராஸ்பெரியில் அதையே செய்தால் சாம்பல் பூஞ்சையை நாமே அழைத்து வந்தது போலாகும். இரண்டும் ஒரே குழாய்வழியில் இருக்கும் தோட்டங்கள் தனித்தனி வால்வு வைத்து இப்போதே பிரித்துக்கொள்வது நல்லது. வெயில் வந்தபின் பிளம்பர் கிடைக்கமாட்டார்.

பறித்த பிறகு ஓடும் கடிகாரம் இன்னும் கொடியது. ஸ்ட்ராபெரியைப் பறித்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். தாமதம் கூடக் கூட விற்கத்தக்க பழம் குறையும். சிறு தோட்டக்காரர்கள் ஜன்னல் ஏசியை வைத்துக் குளிர் அறை அமைத்துக்கொள்கிறார்கள். அந்த அறை குளிர்ந்த பழத்தைக் காப்பாற்றும்; சுடும் பழத்தைச் சீக்கிரம் குளிர்விக்காது. அடுக்கிய கிரேட்டுகளின் நடுவிலுள்ள டப்பா மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிரேட்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் சந்து விட்டு, மேலும் பின்னும் தார்ப்பாய் போட்டு மூடி, முன்வாயில் காற்றை வெளியே இழுக்கும் விசிறியை வையுங்கள். குளிர்காற்று டப்பாக்களின் ஓட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். செலவு அதிகமில்லாத இந்த ஏற்பாட்டைச் செய்யாதவர்களே இன்னும் அதிகம் என்பது நமக்கு வியப்பு.

ஆனால் கடினமான முடிவு குளிர் அறையில் இல்லை. மூன்று மணி நேரத்தில் பறித்து முடிக்க முடியாத வரிசைகளை என்ன செய்வது? விட்டுவிடத்தான் வேண்டும். எந்த வரிசை ஜாமுக்கு, எந்த வரிசை கழிவுக்கு என்பதை முந்தின நாள் மாலையே முடிவு செய்து அடையாளத் துணி கட்டிவிட வேண்டும். காலையில் பழத்தைப் பார்த்துக்கொண்டு முடிவெடுக்க யாருக்கும் மனம் வராது. ‘இன்னும் ஒரே ஒரு வரிசை’ என்று பத்து மணி பன்னிரண்டாகும். விட்ட வரிசையை அப்படியே மறந்துவிடவும் கூடாது. புள்ளிச் சிறகு டுரோசோஃபிலா ஈ கடும் வெயிலில் அடங்கிக் கிடக்கும். வெக்கை தணிந்ததும் செடியில் விட்ட பழம் அதற்குப் பந்தி.

ஆட்களின் கதை வேறு. குவிமாடத்தின் தொடக்க நாள்களிலேயே ஒரெகனில் ஒரு நாற்றுப் பண்ணைத் தொழிலாளி வெயிலில் இறந்தார். அடுத்த மாதமே மாநில அரசு அவசர விதி கொண்டுவந்தது. 2022இல் அது நிரந்தரமானது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 27 டிகிரியைத் தொட்டால் நிழலும், ஆளுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குளிர்ந்த நீரும். 32ஐத் தொட்டால் கட்டாய ஓய்வு. ஓய்வு என்று எழுதிவிட்டால் போதாது. கிலோக் கணக்கில் கூலி வாங்குபவர் உட்கார்ந்தால் வருமானம் போகும், அதனால் உட்காரமாட்டார். ஒரு பெர்ரிப் பண்ணை தொடர்பான வழக்கில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் ஓய்வு நேரத்துக்குத் தனிக்கூலி கொடுத்தாக வேண்டும் என்றது. நம் பார்வையில், வெயில்காலப் பறிப்புக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு கிடையாது. புதிதாக வந்த ஆளை முதல் வாரம் பாதி நேரம் மட்டும் இறக்குவது அடுத்தது. வேலையிடத்து வெயில் சாவுகளில் பெரும்பாலானவை வேலைக்கு வந்த முதல் வாரத்தில்தான் நேர்கின்றன.

இந்த ஏற்பாடுகள் எதிலும் வராத ஒருவர் இருக்கிறார்: தோட்டக்காரர் வீட்டு ஆள். அமெரிக்கக் கூட்டாட்சித் தொழில் பாதுகாப்பு விதிப்படி பண்ணை முதலாளியின் நெருங்கிய குடும்பத்தார் தொழிலாளர் கணக்கில் சேரமாட்டார்கள். கூலி ஆட்களைப் பதினோரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்ச வரிசையை அப்பாவும் பள்ளி விடுமுறையில் இருக்கும் பையனும் பறிப்பார்கள். பெரியவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராகவும் இருப்பார். அந்த மாத்திரைகளில் சில உடலின் நீரைக் குறைப்பவை. எடைச் சீட்டில் கூலி ஆட்களின் பெயரோடு வீட்டு ஆட்களின் பெயரையும் எழுதுங்கள், இறங்கிய நேரம், ஏறிய நேரத்தோடு. நிறுத்தும் மணியை அறிவிக்கும் பொறுப்பைப் பறிப்பில் இல்லாத ஒருவரிடம், எடை போடும் மேஜையில் இருப்பவரிடம் கொடுங்கள். அவர் மருமகளாகவே இருந்தாலும், மாமனாரை வரிசையிலிருந்து வெளியே வரச்சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதைப் பறிப்பு தொடங்குமுன் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.