யார் சபித்தது?

பள்ளிப் பிள்ளைகளிடம் கவிதையைக் கொடுத்து அலசச் சொன்னால் ரசனை செத்துவிடும், அரசுப் பள்ளி மாணவனுக்கு வாசிப்பின்பமே போதும் என்று சக சிற்றேடொன்றில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. நண்பர்கள் சிலர் பாராட்டிக் கடிதமும் எழுதியிருக்கிறார்கள். எங்களால் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

ரசனைக்குச் சாட்சியாக அவர்கள் அழைப்பது ரசிகமணி டி.கே.சி.யை. அவர் செய்தது என்ன? கம்பன் பாடல்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, சீர் சீராக எடைபோட்டு, இது கம்பன் வாக்கு, இது இடைச்செருகல் என்று பிரித்தார். ஒப்பாத சொல்லை மாற்றவும் செய்தார். அந்தத் திருத்தங்கள் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு சொல்லின்மேல் அவ்வளவு நேரம் நின்றவரை அலசலுக்கு எதிர்க்கட்சியில் உட்காரவைப்பது அநியாயம். 1959-இல் ‘எழுத்து’ ஏடு தொடங்கிய சி.சு. செல்லப்பாவின் அலசல் விமர்சனத்தை அமெரிக்க இறக்குமதி என்றவர்கள் உண்டு. மறைமலையடிகள் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில், 1903-இல், எழுதிய முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையை அவர்கள் புரட்டிப் பார்க்கட்டும். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அடிகளை இடம்பெயர்த்துக் கூட்டிப் பொருள் கொண்டதை மறுத்து, பாட்டு நிற்கிற வரிசையிலேயே பொருள் தருகிறது என்று வாதிடுகிறார். 103 அடிகளுக்குள் நடக்கும் அந்தச் சண்டை எத்தனை முறை படித்தாலும் எங்களுக்கு அலுப்பதில்லை.

பள்ளியில் நடப்பது வேறு. தேர்வில் நயம் பாராட்டச் சொல்லி ஒரு பாடல் வருகிறது. அதைப் படிக்கும் முன்பே விடை தயார்: திரண்ட கருத்து, மோனை, எதுகை, அணி, சுவை. மோனைக்குக் ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’, எதுகைக்கு ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’. இந்த அடி சறுக்குகிறது என்று எழுத எந்தப் பிள்ளைக்கும் இடமில்லை. எங்கள் ஊரான விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறைகளில் அச்சில் வார்த்த பொம்மையைக்கூட, ஒட்டு வந்த இடத்தைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்துத்தான் சூளையில் அடுக்குகிறார்கள். தேர்வில் வரும் பாடலுக்கு அந்தப் பார்வைகூட இல்லை. ரசனையைக் கொன்றது எது என்று தேடுகிறவர்கள் இந்த விடைத்தாள்களில் தேடட்டும்.

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் ஆசிரியர் பெயரை மறைத்துக் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்தபோது அவர்கள் எப்படியெல்லாம் தடுமாறினார்கள் என்பது 1929-இல் நூலாகவே வந்தது. தடுமாறும் உரிமை விருத்தாசலத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?

எங்கள் ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்ட புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தைப் பதினோராம் வகுப்பில் கொடுங்கள். அகலிகை முதலில் கல்லானது கோதமன் சாபத்தால். சீதை தீக்குளித்ததை அவள் வாயாலேயே கேட்டபின் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இம்முறை யார் சபித்தது? கதையிலிருந்து வரி காட்டி எழுது. இவ்வளவுதான் கேள்வி. ராமன் என்பான் ஒருவன். கோதமன்தான் என்பாள் ஒருத்தி. யாருமே சபிக்கவில்லை என்பான் கடைசி பெஞ்சுக்காரன். அவனுக்கும் கதையில் ஆதாரம் இருக்கிறது. மூவரும் மறுபடி கதைக்குள் போயாக வேண்டும்.

இன்பம் போதும் என்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்கவைக்கிறார்கள்? அங்கே ஷேக்ஸ்பியரின் ஒரு காட்சியை வைத்து வாதம் எழுதக் கற்றுத்தருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் நாளை வழக்காடுவார்கள், அரசாணை எழுதுவார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த ஆணையின் கீழே கையெழுத்துப் போட வேண்டும், அதில் புதைந்திருக்கும் நிபந்தனையைக் கண்டுபிடிக்கத் தெரியாமலேயே. இதற்குத் துணைபோகும் ரசனை எங்களுக்கு வேண்டாம்.

அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களை மேல்நிலை மாணவர்களுக்கு ஒதுக்குகிறோம். அகலிகையைப் பற்றி மேலே கேட்டதே முதல் கேள்வி. ஆசிரியர்கள் திருத்தாமல் அனுப்புங்கள். எழுத்துப் பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் கட்டுரையாளரின் மறுப்புக்கும் அங்கே இடமுண்டு. அவரும் கதையிலிருந்து வரி காட்டித்தான் எழுத வேண்டும்.