கட்டைவிரலை நம்பலாமா?
"ஓட்ட நேரத்தை அளக்க, ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் அனுபவமுள்ள பயிற்சியாளரின் கட்டைவிரல் போதும்; மின்னணுக் கருவி வீண் செலவு" என்கிறார் நண்பர். 400 மீட்டருக்கு வேண்டுமானால் ஒப்பேற்றலாம். 20 மீட்டருக்கு? அந்த ஓட்டமே சுமார் 3 விநாடி. மாதக்கணக்கில் பயிற்சி செய்து கிடைக்கும் முன்னேற்றம் பெரும்பாலும் விநாடியின் நூற்றில் சில பங்குதான். கைப்பிழை அதையே விழுங்கிவிடும். 1960-இல் ஜூரிச்சில் ஓட்டக்காரர் அர்மின் ஹாரி 100 மீட்டரை 10.0 விநாடியில் கடந்ததாக ஸ்டாப்வாட்ச்சுகள் சொல்லின. மின்னணுக் கருவி காட்டியது 10.25! 1977 முதல் 400 மீட்டர் வரையிலான உலகச் சாதனைகளுக்குக் கைநேரம் செல்லாது.

கருவியும் ஏமாற்றும் என்பது உண்மை. கருவியின் ஒற்றை ஒளிக்கதிரை உடலுக்கு முன்பே வீசிய கை வெட்டிவிடும். தொடக்கக் கோட்டுக்கு அரை மீட்டர் பின்னாலிருந்து கிளம்பினால் நேரம் குறையும். அதற்காகக் கட்டைவிரலுக்குத் திரும்புவதா? இரட்டைக் கதிர் வையுங்கள், தொடக்க இடத்தை மாற்றாதீர்கள்.