வெயில் காணாத ஓணான்

"வேளை தவறாமல் பசலைக் கீரை தருகிறோம், இருந்தும் கால் நடுங்குகிறது, தாடை மெத்தென்றிருக்கிறது" என்று சிறுசேரி அடுக்குமாடி வீட்டுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். குழந்தைக்கு அல்ல, பையன் ஆசைப்பட்டு வாங்கிய தாடி ஓணானுக்கு! (ஓணானைக் கல்லால் அடித்த காலம் மலையேறிவிட்டது.)

ஆஸ்திரேலிய வறண்ட நிலத்துப் பிராணி அது. வெயிலின் புற ஊதாக் கதிர் மேலே பட்டால்தான் 'டி' வைட்டமின் ஊறும். இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து ஒட்டாது, எலும்பே கரையும். ஜன்னலோரம் வைத்தால் போதாது, அம்மா. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். காலை ஒன்பது மணி வெயிலில், ஒதுங்க நிழலும் விட்டு, கம்பிக் கூண்டில் வையுங்கள். பசலையின் ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், முருங்கைக்கீரைக்கு மாறுங்கள். சுவர்க்கோழிப் பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள்.

ஆனால் நடுக்கம் கண்டபின் கைவைத்தியம் ஆகாது. தூரந்தான், ஆனாலும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே கொண்டு போங்கள். வயிற்றடியில் முழுக் கையும் கொடுத்துத் தூக்குங்கள். எலும்பு சட்டென்று முறியும்.