வேகம் மட்டும் போதுமா? ஏவுகணையும் அபாயச் சங்கும்!

"ஒலியைவிட 6 மடங்கு வேகமாம்! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடுமாம்!"

தி.நகர் டீக்கடைகளில் இப்படிப் பெருமை பேசுகிறார்கள். பெருமை நியாயம்தான். ஆனால் வேகம் ஒன்றே போதும் என்பது தப்புக் கணக்கு!

பனகல் பார்க் சிக்னலில் பஸ் ஒரு நிமிடம் நிற்கிறது என்று வையுங்கள். 'நிர்பய்' போன்ற, ஒலியைவிட மெதுவாகப் போகும் ஏவுகணை அதற்குள் சுமார் 14 கி.மீ. போகும். மயிலாப்பூரில் கிளம்பினால் பல்லாவரம் பக்கம் வந்திருக்கும். பயணிகள் விமானத்தின் வேகம்தான் அதற்கு.

'ஹைப்பர்சானிக்' ரகமோ ஒலியைவிட 5 மடங்குக்கு மேல்! அதே ஒரு நிமிடத்தில் 100 கி.மீ. பறந்து மேல்மருவத்தூரையே தாண்டிவிடும். இந்த ரகத்துக்கான எஞ்சினை இந்தியா 2020 செப்டம்பர் 7-ந் தேதி ஒடிசா கடலோரத்தில் சோதித்தது. 6 மடங்கு வேகத்தில், 20 விநாடிக்கு மேல் அது பறந்தது.

மெதுவானது வீணா?

இல்லவே இல்லை! அது தரையை ஒட்டித் தாழப் பறக்கும். ரேடார் கண்ணில் சட்டென்று படாது. எரிபொருளும் குறைவு, 1,000 கி.மீ. வரை போகும். ஆனால் கண்ணில் பட்டுவிட்டால் சுட்டுத் தள்ளுவது சுலபம்.

அதிவேக ரகத்தை மறிக்க நேரமே கிடைக்காது. காற்றில் உரசி அதன் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும்; தயாரிப்பதும் கஷ்டம். அதையும் வீழ்த்த முடியாது என்பதில்லை. 2023 மே மாதம் ரஷ்யா ஏவிய 'கின்ஷால்' ஏவுகணை கீவ் நகர் அருகே வீழ்த்தப்பட்டதை அமெரிக்கா உறுதி செய்தது.

தவறினால்?

2022 மார்ச் 9-ந் தேதி இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, சில நிமிடங்களில் பாகிஸ்தானில் போய் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. இந்தியா வருத்தம் தெரிவித்தது. விமானப்படை அதிகாரிகள் 3 பேர் பதவி நீக்கப்பட்டனர். வேகம் கூடக் கூட, "பொறு, தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லும் அவகாசம் குறைகிறது. ஆபத்தே அங்கேதான்!

'எம்டன்' பாடம்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் 'எம்டன்' சென்னையைச் சுட்டது. எண்ணெய் டாங்கிகள் பற்றி எரிந்தன. முன்னறிவிப்பு இல்லாததால் ஜனங்கள் பீதியில் ஊரைவிட்டே ஓடினார்கள். கில்லாடியை இன்றும் "சரியான எம்டன்" என்கிறோமே, அது அந்தப் பீதி விட்டுப்போன வார்த்தை!

2025 மே 7-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. நல்ல காரியம். ஆனால் துறைமுகத்தோடு நின்றால் போதுமா? சங்கு ஊதினால் ரங்கநாதன் தெரு கடைக்காரர் எங்கே ஒதுங்குவது? அடையாறு பஸ்ஸில் இருப்பவர் இறங்குவதா, உள்ளேயே இருப்பதா?

வேகமான ஏவுகணை நாட்டுக்குப் பலம். ஆனால் எதிரி கையிலும் அந்த வேகம் வரும். அன்று கையில் மிஞ்சுவது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் என்ன செய்வதென்று வார்டு வார்டாக இப்போதே சொல்லித் தர வேண்டும்.

சங்கு ஊதிய பிறகு பாடம் நடத்த முடியாது!